தினமும் துடைத்த தேக்கு ஆஷ்ட்ரே: ஒரு நிகழ்வு ஆய்வு

நான்கு வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்குத் தேக்கில் ஒரு சுருட்டு ஆஷ்ட்ரே செய்து கொடுத்தேன். மூன்று வருடம் உழைத்துவிட்டு அது என் பட்டறைக்கே திரும்பி வந்தது. பழைய துண்டில் சுற்றிக் கொண்டு வந்தவர், அதை மேசை மேல் வைத்துப் பிரித்துவிட்டு, "தினமும் துடைச்சுத்தான் வைக்கிறேன். ஒரு நாள்கூட அழுக்கோட விட்டதில்ல. அப்படியும் இப்படி ஆயிடுச்சே" என்றார். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. ஒரு நல்ல பொருளைக் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தம்தான் இருந்தது. அவர் சொன்ன அந்தப் பேச்சிலேயே பாதி விடை இருந்தது என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது.

மரத்தில் ஆஷ்ட்ரே என்றாலே எல்லாரும் முதலில் கேட்பது, "தீப்பிடிக்காதா?" என்றுதான். நானும் செய்யும்போது தீயை மட்டும்தான் நினைத்தேன். திரும்பி வந்த பொருளில் தீயால் வந்த சேதம் சிறியது. மற்றதெல்லாம் வேறு வழியில் வந்தது. அந்த வழியைத் தேடிப் போனதையும், பிறகு செய்த பழுதுபார்ப்பையும் முழுதாக எழுதி வைக்கிறேன்.

பொருளின் அமைப்பு தெரிந்தால்தான் மற்றது விளங்கும். 180 மில்லிமீட்டர் சதுரம், 45 மில்லிமீட்டர் கனம், வைரம் பாய்ந்த ஒரே தேக்குக் கட்டை. நடுவில் 100 மில்லிமீட்டர் விட்டத்தில் 30 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. அதன் அடியில் 15 மில்லிமீட்டர் உயரப் பித்தளைக் கிண்ணம், அசையாதபடி இறுக்கமாக அடித்து உட்கார வைத்தது. நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு காடி, சுருட்டைச் சாய்த்து வைக்க. காடியின் அகலம் 20 மில்லிமீட்டர், குறுக்கு வெட்டில் அரைவட்டம். மேலே அரக்குப் பூச்சு, அதன் மேல் தேன்மெழுகு. அடியில் ஒரு கம்பளித் துணி ஒட்டு. செய்த அன்று கண்ணை எடுக்க முடியாத அழகு. அரக்கு தேக்குக்குக் கொடுக்கும் அந்தத் தேன் நிறத்தை வேறு எந்தப் பூச்சும் கொடுப்பதில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

வந்த நிலை

குழியைச் சுற்றி விரற்கடை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிற வளையம். விரலால் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. அந்த இடத்தில் பூச்சு என்று ஒன்றுமே இல்லை, நார் எழும்பி நின்றது. குழியின் உட்சுவர் இன்னும் மோசம். ஆனால் வெளி ஓரங்களுக்குப் போகப் போகப் பளபளப்பு மிச்சமிருந்தது. நான்கு மூலைகளும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தன. ஒரு மூலையில் மட்டும் ஈரக் கண்ணாடித் தம்ளர் வைத்த வெள்ளை வளையம்.

நான்கு காடிகளில் ஒன்று கருகியிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்துக் காடியின் அடி வழியே ஒரு விரிசல், குழியிலிருந்து வெளி முகம் வரைக்கும் நேராக ஓடியிருந்தது. அகலமான இடத்தில் அரை மில்லிமீட்டர் கனத் தகடு நுழைந்தது.

கிண்ணத்தை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கட்டையைக் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அடியில் பார்த்தால் களிம்பு மாதிரி கறுப்புச் சேறு, இன்னும் ஈரம் காயாமல். பித்தளையின் அடிப்பக்கம் பச்சை பூத்திருந்தது. மரம் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நகத்தால் சுரண்டினாலே வரும் அளவுக்கு இளகியிருந்தது. மூன்று வருடத்துச் சாம்பலும் தண்ணீரும் அங்கே ஒன்றாகக் குடியிருந்திருக்கின்றன.

அவரிடம் சில கேள்விகள் கேட்டேன். என்ன துணியில் துடைப்பீர்கள்? ஈரத் துணி. சாம்பலைக் கொட்டிவிட்டு, நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளிருந்து வெளியே ஒரு சுற்று. ராத்திரி என்ன செய்வீர்கள்? "கங்கு எதுவும் இருந்துடக் கூடாதுல்ல, அதனால கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சிடுவேன். காலைல கொட்டிடுவேன்." எந்த அளவுச் சுருட்டு? பருமன் எண்ணில் முதலில் ஐம்பது, இப்போது பெரும்பாலும் அறுபது. இருந்த இடம்? முதல் வருடம் திறந்த வராந்தா, அப்புறம் ஏசி ஓடும் அறை. பளபளப்புக்கு வேறு ஏதாவது போட்டீர்களா? ஒரு ஸ்பிரே, இரண்டு மூன்று தடவை. பதில்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டேன். ஒவ்வொன்றும் பிறகு ஏதோ ஓர் இடத்தில் கைகொடுத்தது.

விரிசல் சூட்டால் வந்ததல்ல

பார்த்ததும் நானே சூடு என்றுதான் நினைத்தேன். கங்கு கிடந்து கிடந்து பித்தளை விரிந்து மரத்தைப் பிளந்துவிட்டது என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அது நிற்கவில்லை. பித்தளை ஒரு டிகிரி செல்சியஸுக்கு மில்லியனில் சுமார் 19 பங்கு விரியும். 100 மில்லிமீட்டர் கிண்ணம் 50 டிகிரி சூடேறினால் விரிவது 0.1 மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

மரம் உலர்ந்து சுருங்குவதன் கணக்கு வேறு. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது வளர்வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. தேக்கு குறைவாக அசையக்கூடிய மரங்களில் ஒன்று, அப்படியும் இவ்வளவு. மரத்தின் ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால் 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் குறையும். வராந்தாவிலிருந்து ஏசி அறைக்குப் போன கட்டைக்கு இது நடக்கக்கூடியதுதான். குழி ஒரு திசையில் மட்டும் சுருங்கி முட்டை வடிவமாக வேண்டும். உள்ளே இருக்கும் பித்தளை வட்டம் விட்டுக் கொடுக்காது. ஆக மரம் தன்னைத்தானே கிழித்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கே கிழியும்? நார் ஓடும் திசையில், குழிக்கும் நார் முடியும் வெட்டுமுகத்துக்கும் நடுவில், எங்கே மரம் மெலிந்திருக்கிறதோ அங்கே. காடி வெட்டி நான்தான் அந்த இடத்தை மெலிய வைத்திருந்தேன்.

இதை உறுதிப்படுத்தியது இன்னொரு சின்ன விஷயம். விரிசல் விட்ட காடியில் ஒரு துளிக் கரி இல்லை, புகைப் பிசுக்கும் இல்லை. அவர் நாற்காலிக்கு நேரே வராத காடி அது, அதில் அவர் சுருட்டே வைத்ததில்லை. கருகிய காடி முழுசாக இருக்கிறது, சூடே படாத காடி வெடித்திருக்கிறது. அப்படியானால் சூட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை. தவறு என் பக்கம்: உலோகத்தை மரத்துக்குள் இறுக்கி அடித்தது. செய்த நாளில் கெட்டியாக இருப்பது நல்ல வேலைக்கு அடையாளம் என்று நினைத்தேன்.

கரி இருந்த இடம்

கருகிய காடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கரி காடியின் அடியில் இல்லை. இரண்டு உதடுகளில், மேல் விளிம்பில்தான் இருந்தது, குழிக்குப் பக்கத்தில் இருபுறமும் ஒரே மாதிரி, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். காடிக்குள் சுருட்டு முழுதாக இறங்கியிருந்தால் அடிப்பக்கம்தான் முதலில் கருகியிருக்கும்.

சுருட்டின் பருமனைச் சொல்லும் எண் அங்குலத்தின் 64 பங்குகளில் எத்தனை என்பது. ஐம்பது என்றால் 50/64 அங்குலம், அதாவது 19.8 மில்லிமீட்டர். என் 20 மில்லிமீட்டர் காடி அதற்காகவே அளந்து வெட்டியது. அறுபது என்றால் 23.8 மில்லிமீட்டர். அது காடிக்குள் இறங்காது, உதடுகளின் மேல் குந்திக்கொண்டு நிற்கும், தொட்டால் உருளும். உருளாமல் இருக்க அவர் அதைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறார். கங்கு கிண்ணத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது, மரத்துக்கு மேலேயே வந்து நின்றுவிட்டது. மரம் கருக 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் போதும். எரிந்துகொண்டிருக்கும் சுருட்டு முனை அதைவிட வெகு அதிகம்.

சிகரெட் ஆஷ்ட்ரேக்கும் சுருட்டு ஆஷ்ட்ரேக்கும் உள்ள வித்தியாசமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிகரெட் சில நிமிடத்தில் முடிந்துவிடும், நசுக்கி அணைத்துவிடுவார்கள். நல்ல சுருட்டு ஒரு மணி நேரம்கூட ஓடும், அதில் பாதி நேரம் காடியில்தான் சாய்ந்திருக்கும். அதை நசுக்கவும் கூடாது. சும்மா வைத்துவிட்டால் சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும், நசுக்கினால் அறை முழுக்க நாற்றம்தான் மிஞ்சும். ஆகவே சுருட்டு ஆஷ்ட்ரே செய்கிறவர் கிண்ணத்தைவிடக் காடியைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நான் கிண்ணத்தை யோசித்தேன்.

வளையம் எப்படி வந்தது

இதற்குத்தான் பத்து நாள் ஆனது. வெறும் தண்ணீர் அரக்குப் பூச்சை வெளுக்கச் செய்யும், அந்தத் தம்ளர் வளையம் மாதிரி. ஆனால் பூச்சை ஒன்றுமில்லாமல் கழுவிவிடாது. மது சிந்தியிருந்தால் கரையும், அரக்கு ஸ்பிரிட்டில் கரைகிற பொருள்தானே. ஆனால் சிந்தினால் திட்டுத் திட்டாக இருக்கும், இப்படிக் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வளையமாக வராது. சூட்டில் அரக்கு இளகும், 75 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே. இளகினால் பூச்சு கொப்பளித்துக் குழம்பியிருக்கும், காணாமல் போயிருக்காது.

ஒரு நாள் மாலை அந்தக் கறுப்புச் சேற்றைக் கொட்டப் போகும்போது விரல்கள் வழுவழுவென்று இருப்பதைக் கவனித்தேன். சோப்புத் தண்ணீரைத் தொட்ட மாதிரி. அப்போதுதான் உறைத்தது. சாம்பல் ஒரு காரப்பொருள், அமிலத்துக்கு எதிர். சாம்பலைத் தண்ணீரில் ஊற வைத்து வடித்த காரநீரையும் கொழுப்பையும் சேர்த்துத்தான் பழங்காலத்தில் சோப்புக் காய்ச்சினார்கள். புகையிலை பொட்டாசியம் அதிகம் இழுக்கும் செடி, அதன் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் நிறைய உண்டு. காய்ந்த சாம்பல் மரத்தை ஒன்றும் செய்யாது. தண்ணீர் பட்டால்தான் அது காரநீராகிறது.

அவரிடமிருந்து கொஞ்சம் புதுச் சாம்பல் வாங்கி, ஒரு தேக்கரண்டிச் சாம்பலைக் கால் தம்ளர் தண்ணீரில் கலக்கி, பிஎச் தாளை நனைத்தேன் (அமிலமா காரமா என்று காட்டும் தாள்; 7 நடுநிலை, அதற்கு மேலே காரம்). 10-ஐத் தாண்டிக் கரும்பச்சை காட்டியது. பிறகு அதே தேக்கின் துண்டு ஒன்றில் அதே அரக்குப் பூச்சை அடித்துக் காய வைத்து, ஒரு பக்கம் வெறும் தண்ணீர் இரண்டு சொட்டு, இன்னொரு பக்கம் சாம்பல் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, இரண்டின் மேலும் குப்பி மூடி ஒன்றைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டேன். காலையில் வெறும் தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய வெண்மை, அது மதியத்துக்குள் மங்கிவிட்டது. சாம்பல் தண்ணீர் இருந்த இடத்தில் சொட்டின் ஓரம் லேசான ஊதாச் சாயம் ஏறியிருந்தது. அரக்கில் உள்ள நிறமி காரம் பட்டால் ஊதாவாகும். பஞ்சால் துடைத்ததும் பூச்சு பிசினாக வழன்று பஞ்சோடு வந்துவிட்டது. கீழே வெறும் மரம், நார் எழும்பி, அதே சொரசொரப்பு.

அரக்கு காரநீரில் கரையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெண்காரத் தண்ணீரில் அரக்கைக் கரைத்து மை செய்கிற பழைய முறையை நானே செய்து பார்த்திருக்கிறேன். அந்தத் தகவலையும் ஆஷ்ட்ரேயையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. எண்ணெய்ப் பூச்சு என்றாலும் தப்பித்திருக்காது. காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், கொஞ்சம் மெதுவாக.

நண்பர் தினமும் ஈரத் துணியால் துடைத்தது சுத்தம் செய்ததல்ல, காரநீரை மெல்லியதாகப் பூசியது. உள்ளிருந்து வெளியே துடைத்ததால் உள்ளே அதிகம், ஓரத்தில் குறைவு. வளையத்தின் வடிவம் அவர் கை போன வடிவம். இரவில் ஊற்றிய தண்ணீர் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி இறங்கி அடியில் தங்கியது. சுத்தமாக வைத்திருக்காத ஒருவரிடம் இந்த ஆஷ்ட்ரே இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார்.

பழுதுபார்த்தது

முதலில் காய்ந்த தூரிகை, பிறகு தூசி உறிஞ்சி. தண்ணீரே கிடையாது. மெழுகையும் புகைப் பிசுக்கையும் மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் எடுத்தேன். பழுப்பு இறங்க இறங்க ஐந்து துணி மாறியது. மிச்சமிருந்த அரக்கை ஸ்பிரிட் தொட்டு முழுதாகக் கழுவி எடுத்தேன்.

அடுத்தது மரத்துக்குள் ஊறியிருந்த காரம். அதை அப்படியே விட்டுப் புதுப் பூச்சு அடித்தால் உள்ளிருந்தே தின்னும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுத்தத் தண்ணீரில் பிழிந்த துணி. ஈரமாக இருக்கும்போதே பிஎச் தாளை மரத்தின் மேல் அழுத்திப் பார்த்தேன். முதல் தடவை 9, மூன்றாவது தடவைக்குப் பிறகு 7 பக்கம் வந்தது. மூன்று நாள் நிழலில் உலர்த்தினேன்.

குழியின் அடியில் இருந்த கறுப்பு இரும்புக் கறையாக இருக்குமோ என்று ஓர் ஓரத்தில் ஆக்சாலிக் அமிலம் தொட்டுப் பார்த்தேன். இரும்பும் மரத்தின் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறுப்பு அதில் வெளுத்துவிடும். இது அசையவில்லை. ஆக, வெறும் புகைப் பிசுக்கும் காரமும்தான். இளகிய பகுதியை உளியால் சுரண்டிக் கெட்டி மரம் வரும் வரை போனேன். அதற்கு மேல் நிறத்தைத் துரத்தவில்லை, கிண்ணத்துக்கு அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை.

காடி வேலை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரியை எடுக்க வேண்டும், காடியை அகலமாக்கவும் வேண்டும். 20 மில்லிமீட்டரை 25 ஆக்கினால் இருபுறமும் இரண்டரை மில்லிமீட்டர் போகும். கரியின் ஆழம் ஒன்றரை. ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிட்டது. வட்ட அரத்தால் ராவிவிட்டு, உருட்டுக் கட்டை ஒன்றில் உப்புத்தாளைச் சுற்றி 120, 180, 320 என்று இழுத்தேன். முதல் இழுப்பில் கறுப்புத் தூள், அப்புறம் காப்பித் தூள் நிறம், அப்புறம் தேக்கின் பச்சை கலந்த பழுப்பும் அந்தத் தோல் மாதிரியான வாசனையும். அந்த வாசனை வந்ததும் நிறுத்தினேன்.

குழியை இரண்டு படியாக மாற்றினேன். மேல் பாதியை 120 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தி, 14 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு படி. அதற்குக் கீழே 103 மில்லிமீட்டர். புதுக் கிண்ணம் 100 மில்லிமீட்டர் உடலும், வெளியே மடித்த 116 மில்லிமீட்டர் விளிம்பும் உடையது. விளிம்பு படியில் உட்கார்ந்து, கிண்ணத்துக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மூடிக்கொள்ளும். இறுக்கம் எங்கும் இல்லை. இரண்டு விரலால் தூக்கினால் வந்துவிடும். அடியில் மூன்று மில்லிமீட்டர் கார்க் தாள்.

பழைய கிண்ணத்தை எடுத்த முதல் வாரத்திலேயே விரிசல் பாதியாகச் சுருங்கியிருந்தது. இழுத்துப் பிடித்திருந்தது விட்டதும் மரம் தானே திரும்பி வந்தது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பசை எளிதில் பிடிக்காது. அதனால் விரிசலுக்குள் அசிட்டோன் விட்டுத் துடைத்து, அது காய்ந்த கையோடு மெல்லிய எப்பாக்சியை இறக்கி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன். அடிப்பக்கத்தில் விரிசலுக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஓர் ஆப்பு பதித்தேன். அதன் நார் விரிசலுக்குக் குறுக்காக ஓடும்படி.

பூச்சு

அரக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் இரண்டும் எனக்குப் பிடித்தவை, எப்போது வேண்டுமானாலும் மேலே ஒரு கை பூசிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் காரத்துக்கு நிற்காது. மேசைகளுக்கு ஊற்றும் கெட்டி எப்பாக்சி பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பல வகைகள் 50, 60 டிகிரியிலேயே இளகிவிடும், ஆஷ்ட்ரேக்கு அது சரிப்படாது. பாலியூரித்தேனைத்தான் எடுத்தேன், துணியால் பூசும் அளவுக்கு நீர்க்க வைத்தது, பளபளப்பு அடங்கிய வகை. காரமும் மதுவும் அதை அவ்வளவு எளிதில் தொடாது.

அடிப்பதற்கு முன் கட்டையை இரண்டு வாரம் வெளிச்சம் வரும் இடத்தில், நேர்வெயில் படாமல் வைத்தேன். புதிதாகச் சுரண்டிய தேக்கு திட்டுத் திட்டாக, வெளிறிப் பச்சை கலந்து இருக்கும். வெளிச்சம் பட்டால் பொன்னிறமாகப் பழுத்துப் பழைய பகுதியோடு சேர்ந்துகொள்ளும். அவசரப்பட்டு உடனே பூச்சு அடித்திருந்தால் அந்தத் திட்டுகள் ரொம்ப நாளைக்கு அப்படியே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்.

முதல் பூச்சு அடித்த ஐந்தாவது நிமிடம் ஒரு மூலையில் சின்னச் சின்னக் குழிகள். மீன் கண் மாதிரி, பூச்சு ஒவ்வொரு புள்ளியிலும் விலகி நின்றது. அவர் அடித்த ஸ்பிரேயின் வேலை. அந்த மாதிரிப் பளபளப்பு ஸ்பிரேக்கள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அது மரத்துக்குள் இறங்கிவிட்டால் மேலே வரும் எந்தப் பூச்சையும் ஒட்ட விடாது. ஈரமாக இருக்கும்போதே முழுதாகத் துடைத்து எடுத்து, டர்பன்டைனால் பல தடவை கழுவி, கடைசியில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை மெலிதாக அடித்து அதற்கு மேல் பாலியூரித்தேன் போனேன். வேண்டாம் என்று தள்ளிய அரக்குதான் நடுச்சுவராக நின்று காப்பாற்றியது. மொத்தம் நான்கு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். அதன் பிறகு மூன்று வாரம் பயன்படுத்தாமல் கெட்டியாக விட்டேன்.

காடிகளில் எதுவும் பூசவில்லை. சூடு படும் இடத்தில் எந்தப் பூச்சும் என்றாவது ஒரு நாள் கொப்பளிக்கும், கருகினால் வாடையும் வரும். வெறும் தேக்கு பிசுக்கேறிப் பழுப்பாகும், ஏறட்டும். வருடத்துக்கு ஒரு தடவை 320 உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்தால் புதிதாகிவிடும். காடிக்குப் பித்தளைத் தகடு பதிப்பவர்களும் உண்டு. அதில் பிசுக்கு ஒட்டும், ஒவ்வொரு தடவையும் துடைத்தாக வேண்டும். சரியான அகலமும் உள்நோக்கிய லேசான சரிவும் இருந்தால் தகடு தேவைப்படாது என்பது என் கருத்து.

பட்டறைக்காரர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எண்ணெய், எண்ணெய் கலந்த வார்னிஷ் நனைந்த துணிகளைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து கெட்டியாகும்போது சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து சேர்ந்து, தீக்குச்சியே இல்லாமல் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

கையில் கொடுக்கும்போது சொன்னது

பழைய பழக்கத்தில் மாற வேண்டியது கொஞ்சம்தான். கங்குக்காகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பித்தளைக் கிண்ணத்தில் கிடக்கும் சாம்பல் அங்கேயே ஆறட்டும், மறுநாள் கொட்டலாம். அதே ராத்திரி காகிதக் கூடையில் கொட்டுவதுதான் ஆபத்து. கொட்டிய பிறகு காய்ந்த பெயின்ட் தூரிகையால் காடியையும் சுவரையும் ஒரு தட்டு. கிண்ணத்தை மட்டும் தூக்கிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய வைத்துத் திரும்ப வைக்க வேண்டும். பித்தளையை மினுக்குவதும் வெளியே எடுத்த பிறகுதான். மினுக்கும் பசைகள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும், அது மரத்தைக் கறுக்க வைக்கும், வெள்ளைப் பொடி ரேகைகளுக்குள் புகுந்துகொண்டு வெளியே வராது.

பிசுக்கு ஏறினால் துணியில் ஒரு சொட்டு மினரல் டர்பன்டைன், அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டு தடவை கார்னாபா என்ற பனை இலை மெழுகு கலந்த மெழுகு, விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. தேன்மெழுகு 62 டிகிரியிலேயே உருகும், கார்னாபா 82 வரை தாங்கும். "சமையல் எண்ணெய் கொஞ்சம் தடவலாமா, மின்னுமே?" என்று கேட்டார். மின்னும், ஒரு வாரம். அந்த எண்ணெய்கள் பலவும் காயாது, பிசுபிசுத்துச் சாம்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு சிக்கு வாடை வரும். வேண்டாம் என்றேன்.

பத்து மாதம் கழித்து

அவர் வீட்டுக்குப் போனபோது வெர்னியர் அளவுகோலையும் பிஎச் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வைக்கும் காடி இப்போது நல்ல பழுப்பு, கரி இல்லை. குழியின் உட்சுவரைத் தடவினால் வழுவழுப்பு. கிண்ணத்தைத் தூக்கினால் கார்க் காய்ந்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம் தூள் மட்டும். விளிம்பை ஒட்டி ஓரிடத்தில் மெழுகு மங்கியிருந்தது. விருந்தாளி ஒருவர் ஈரக் கையோடு சாம்பலைத் தட்டினாராம். பூச்சு உடையவில்லை, மெழுகு மட்டும்தான் போயிருந்தது.

பித்தளை விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவில் நான் விட்ட சந்து எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர். இப்போது நார் ஓடும் திசையில் அதே 2. குறுக்கே இரண்டு பக்கமும் 1.6. ஏசி அறையில் மரம் மொத்தம் 0.8 மில்லிமீட்டர் சுருங்கியிருக்கிறது. பழைய மாதிரி இறுக்கமாக இருந்திருந்தால் அந்த 0.8-க்கு இன்னொரு பக்கமும் வெடித்திருக்கும். ஒட்டிய விரிசல் மயிரிழையாகத் தெரிந்தது, 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையவில்லை. நான்கு அளவுகளையும் தேதியோடு கட்டையின் அடியில், ஆப்புக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதி வைத்தேன்.